கவிஞர்கள் சாகாத வீடு

அந்த ஐப்பசியில் என் மகளின் அறை ஜன்னலில் கருநீலப் போர்வை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். வெளிச்சம் கண்ணில் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மழைக்காலம் என்பதால் வெளியிலும் பெரிய வெளிச்சம் கிடையாது. போர்வை ஓரத்தில் கசிந்து வரும் சாம்பல் நிற ஒளியில் நாற்காலியைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு, மடியில் ஒரு கைடை விரித்து, நான் அவளுக்கு பிரிட்டிஷ் இலக்கியம் வாசித்துக் காட்டினேன். ரொமாண்டிக் காலம் முதல் இன்று வரை. அவள் எழுத வேண்டிய பரீட்சைத் தாளின் பெயரே அதுதான்.

எனக்கும் இலக்கியத்துக்கும் சம்பந்தமில்லை. தமிழ் வழியில் பி.காம். படித்தவன். நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் ஆங்கிலம் சான்றிதழில் அச்சாகும் ஆங்கிலம். பெயர், தகப்பனார் பெயர், இடம், தேதி. அதற்கு மேல் ஒரு வாக்கியம் நீண்டால் எனக்கு மூச்சு வாங்கும்.

மகள் திருநெல்வேலியில் விடுதியில் தங்கி ஆங்கில இலக்கியம் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தாள். புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை ஊருக்கு வந்தவள், புளியங்குடியில் இருக்கும் தன் தோழி வீட்டுக்குப் போகிறேன் என்று தோழியின் ஸ்கூட்டரிலேயே பின்னால் உட்கார்ந்து போனாள். வழியில் ஓர் ஆடு குறுக்கே வந்திருக்கிறது. தோழிக்கு முழங்கையில் சிராய்ப்பு. என் மகளுக்குத் தலை ரோட்டோர மைல் கல்லில் பட்டுவிட்டது.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அவள் முதலில் கண் விழித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "சார், கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டாள்.

நான் தண்ணீர் கொடுத்தேன். "தேங்க்ஸ் சார்" என்றாள்.

மறுநாள் காலையில் அவளே "அப்பா" என்று கூப்பிட்டுவிட்டாள். அம்மாவைத் தெரிந்தது, ஊரைத் தெரிந்தது. மூளை உறையில் சின்ன இரத்தக் கசிவுதான், ஆபரேஷன் தேவையில்லை, தானாக வற்றிவிடும் என்றார்கள். எல்லோரும் கும்பிட்டுக்கொண்டார்கள். நானும் கும்பிட்டேன். ஆனால் அந்த "சார்" இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டார். புத்தகம், போன், டிவி எதையும் அவள் பார்க்கக்கூடாது என்றார். பிறகு, "விபத்து நடந்த நாள் மறந்துபோகலாம், அது சகஜம். ஆனா முந்தியே நல்லாத் தெரிஞ்சதெல்லாம் ஞாபகம் இருக்கணும். நேரா கேட்டுப் பயமுறுத்தாதீங்க, சும்மா பேச்சுக் கொடுத்துப் பாருங்க. பழசு தப்பாச் சொன்னாளோ, மறந்துட்டாளோ, உடனே கூட்டிட்டு வாங்க" என்றார்.

அதிலிருந்து என் வேலை அதுவாகிவிட்டது. அவள் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது.

கார்த்திகையில் பரீட்சை. எழுதாவிட்டால் போகட்டும், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்றோம். அவள் கேட்கவில்லை. "கண்ணைத்தான தொறக்கக்கூடாது? காது நல்லாத்தான இருக்கு? நீங்க வாசிங்கப்பா" என்றாள். தோழி, கையில் கட்டோடு வந்து, கைடையும் ஜெராக்ஸ் எடுத்த நோட்ஸையும் கொடுத்துவிட்டுப் போனாள். அவளும் அழுதாள், என் மனைவியும் அழுதாள். ஜெராக்ஸ் நனைந்துவிடும் என்று நான் வாங்கி உள்ளே வைத்தேன்.

மத்தியானம் அலுவலகத்திலிருந்து சாப்பிட வரும்போது ஒரு பகுதி, சாயங்காலம் வந்து ஒரு பகுதி என்று வாசிப்போம். அலுவலகத்திலிருந்து வந்தால் நேராக வீட்டுக்குள் போகமுடியாது. வாசல் குழாயில் கைகால் கழுவி, தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு உள்ளே வரவேண்டும். கல்யாணமான புதிதிலிருந்து என் மனைவி வைத்திருக்கும் சட்டம். நாள் முழுவதும் நான் சாவு விழுந்த துட்டி வீட்டுக்காரர்களோடு பேசிவிட்டு வருகிறேன் என்பது அவள் கணக்கு. விபத்துக்குப் பிறகு சட்டைகூட வெளியிலேயே மாற்றவேண்டியதாயிற்று.

முதல் நாள் வாசித்ததை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மகள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். நெற்றியில் அவள் அம்மா பூசிய கோமதியம்மன் கோவில் புற்றுமண் காய்ந்து வெடித்திருந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். ஒரு பத்தி முடிந்ததும் அடுப்படியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"என்ன அது, தண்டோரா போடுத மாதிரி வாசிக்கிய? குழாய் வரி கட்டச் சொல்லுதியளோன்னு நினைச்சேன்."

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரித்தால் தலை வலிக்கும். "மெதுவா வாசிங்கப்பா. அவங்க மலை மேல நடந்து போறாங்க. நீங்க அவங்கள லாரியில ஏத்தாதீங்க" என்றாள்.

நான் மெதுவாக வாசிக்கப் பழகினேன். அப்படிப் பழகியதும் ஏதோ ஒன்று நடந்தது. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஒரு வரி ஆங்கிலத்தில் வாசிப்பேன், பிறகு எனக்கு விளங்கியதைத் தமிழில் சொல்வேன், அவள் "ம்" என்பாள். அந்த மூன்றுக்கும் நடுவில் அறை மெல்லக் கரைந்துபோகும். மலை என்று வந்தால் வெறும் மலை இல்லை, ஈரமான பச்சை மலை, அதன் முதுகில் மேகம் படுத்திருக்கும். ஏரி என்று வந்தால் எனக்குத் தெரிந்த நீர்நிலை நம் ஊர்த் தெப்பக்குளம் ஆவுடைப்பொய்கைதான். அதன் படிக்கட்டில் குளிர்ப்பனி இறங்கி, எதிர்க்கரை தெரியாமல் போகும். வெளியே ஐப்பசி மழை ஓட்டில் விழுந்துகொண்டிருக்கும். எது அங்கே பெய்வது, எது இங்கே பெய்வது என்று பிரித்துச் சொல்லமுடியாது.

விக்டோரியா ராணி காலத்துக்கு வந்தபோது ஆலைகள் வந்தன. புகைக்கூண்டுகள், சின்ன வயதிலேயே நூலாலைக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள், எந்நேரமும் ஓடும் எந்திரங்கள். எங்கள் பின் தெரு முழுக்க விசைத்தறிகள். அந்தச் சத்தம் நாங்கள் கேட்டுக் கேட்டுக் கேட்காமலே போன சத்தம். அன்று நான் வாசித்துக்கொண்டிருக்கும்போது அது திடீரென்று காதில் ஏறியது. மகளும் கேட்டாள். "அப்பா, இங்கிலாந்து பின்னாடி ஓடுது" என்றாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வாசிக்காமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு நாற்பது வயதைத் தாண்டியபின் கிடைத்த மிக நல்ல மத்தியானங்கள் அவை என்று சொன்னால், மகளுக்கு அடிபட்ட காலத்தையா சொல்கிறாய் என்று கேட்பார்கள். ஆமாம், அதைத்தான் சொல்கிறேன். பயமும் இருந்தது, அதுவும் இருந்தது.

தப்பு எங்கே ஆரம்பித்தது என்றால், முதல் யூனிட்டிலேயே ஆரம்பித்துவிட்டது.

ஓர் இளம் கவிஞர் வந்தார். இருபதுகளில் இருப்பவர். விடாத இருமல். உடம்பு தேறட்டும் என்று நண்பர்கள் அவரைக் குளிர் இல்லாத ஒரு தேசத்துக்குக் கப்பலேற்றி அனுப்புகிறார்கள். அடுத்த வரியில் அவர் அங்கே இறந்துபோகிறார். அந்த ஆங்கிலச் சொல் என் கண்ணில் பட்டது. நான் நிறுத்தினேன்.

அந்தச் சொல் எனக்குப் புதிதில்லை. கவுண்டரில் உட்கார்ந்தால் நாளெல்லாம் அதைத்தான் சொல்கிறேன். எதிரே நிற்பவர்கள் யாரும் அதைச் சொல்லமாட்டார்கள். "அப்பா தவறிட்டாங்க" என்பார்கள், "எங்க அம்மா சாமிகிட்ட போயிட்டா" என்பார்கள். நான் அதைக் கேட்டு, நிமிர்ந்தும் பார்க்காமல், "இறந்த இடம் வீடா, ஆஸ்பத்திரியா?" என்பேன். ஆனால் படுக்கையில் ஒருவர் கிடக்கும் வீட்டில் அந்தச் சொல்லை எடுப்பதில்லை. எடுத்தால் அது காதில் வாங்கிக்கொள்ளும் என்று ஒரு பயம். எங்கள் பக்கத்தில் யாரும் இதை யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை; எல்லோருக்கும் தெரியும். இருபது வயதுப் பெண் தலையில் கட்டோடு கிடக்க, இருபது சொச்சம் வயதுப் பையன் இறந்ததை அவள் தலைமாட்டில் உட்கார்ந்து வாய்விட்டு வாசிக்க எனக்கு நாக்கு வரவில்லை.

"அங்கே போய் உடம்பு தேறியது, தொடர்ந்து எழுதினார்" என்று தமிழில் சொல்லிப் பக்கத்தைத் திருப்பினேன்.

மகள் கொஞ்சம் தாமதித்து "ம்" என்றாள்.

ஒருவரைக் காப்பாற்றிவிட்டால் மற்றவரை விடமுடியாது. படகு கவிழ்ந்தவரைக் கரையில் ஏற்றினேன். காய்ச்சலில் விழுந்தவருக்குக் காய்ச்சல் விட்டது. நாவல்களில் அநாதை விடுதியில் பட்டினி கிடந்த பிள்ளைகள் கஞ்சி குடித்துத் தெளிந்தன. பிரசவத்தில் தாயும் சேயும் நலம். முதல் உலகப்போருக்கு வந்தபோது எனக்குக் கை நன்றாகவே பழகிவிட்டது. பதுங்குகுழியில் கிடந்து கவிதை எழுதிய பையன்களை ஒவ்வொருவராக எழுப்பி, மண்ணைத் தட்டிவிட்டு, ஊருக்கு அனுப்பி வைத்தேன். அதில் ஒரு சுகம் இருந்ததை மறைக்க விரும்பவில்லை. காலையெல்லாம் அலுவலகத்தில் ஆட்களை உலகத்திலிருந்து கழித்துவிட்டு வருபவன், மத்தியானம் அந்த அரையிருட்டில் உட்கார்ந்து இருநூறு வருஷத்து ஜனங்களை உயிரோடு வைத்திருந்தேன். அவர்களெல்லாம் அந்த அறையிலேயே, சுவரோரமாக, ஈரக் கோட்டோடு உட்கார்ந்திருப்பதுபோல் எனக்குத் தோன்றும்.

மனைவிக்கு ஆங்கிலம் தெரியாது. என் தமிழைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் சோறு போடும்போது கேட்டாள்.

"அந்த இருமல்காரப் பையன் என்ன ஆனான்?"

"நல்லா இருக்கான்."

"கல்யாணம் ஆயிட்டா?"

"இன்னும் இல்ல."

"பாவம். யாராவது நல்லாப் பாத்துக்கிட்டாச் சரி" என்றாள்.

டாக்டர் சொன்னபடி நான் பேச்சுக் கொடுத்துப் பார்த்துக்கொண்டும் இருந்தேன். சாயங்காலம் காப்பி குடிக்கும்போது, எனக்கே மறந்துவிட்டதுபோல, "அந்த மலையில நடந்தவரு யாரு மக்கா, அவரு என்ன சொன்னாரு?" என்பேன். முதல் வாரம் அவள் சரசரவென்று சொன்னாள். கைடில் இல்லாததையும் வகுப்பில் கேட்டதையும் சேர்த்துச் சொன்னாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

பிறகு ஒருநாள் அந்த இளம் கவிஞரைப் பற்றிக் கேட்டேன். அவள் கண்ணை மூடியபடி மெதுவாகச் சொன்னாள். இருமல், கப்பல், வெயிலடிக்கும் தேசம். அப்புறம் நிறுத்தினாள்.

"அங்க போய்... உடம்பு தேறிச்சு. தொடர்ந்து எழுதினாரு."

காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் அந்தக் கவிஞர் இறந்ததை எனக்கு முதலில் சொன்னதே அவள்தான். போன வருஷம் லீவுக்கு வந்திருந்தபோது, இரவுச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "இவ்வளவு எழுதிட்டு, யாருமே நம்மளப் படிக்கமாட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டே செத்துப்போயிட்டாருப்பா" என்று சொல்லிக் கண் கலங்கினாள். தோசை ஆறுது, தின்னு என்று அவள் அம்மா அதட்டினாள். கைடில் அந்த வரியைப் பார்த்தபோது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. இப்போது வந்தது. அவ்வளவு நன்றாகத் தெரிந்த ஒன்று அவளிடம் இல்லை.

மற்றவர்களையும் கேட்டுப் பார்த்தேன். படகில் போனவர்? "கரை சேர்ந்துட்டாரு." அநாதை விடுதிப் பிள்ளை? "பிழைச்சுக்கிட்டா." எல்லாம் என் வாசகம், என் சொற்கள். அவளுடையது ஒன்றும் இல்லை. பதில்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. ஒரு மத்தியானம் போர்க் கவிஞர்கள் பகுதி முடிந்ததும் அவளே கேட்டாள்.

"சண்டைக்குப் போனவங்கள்லாம் திரும்பி வந்துட்டாங்களாப்பா?"

"வந்துட்டாங்க."

"எல்லாருமா?"

"ஆமா மக்கா."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். களைத்துவிட்டாள் என்று நினைத்து நான் கைடை மூடினேன்.

அன்று மனைவியிடம் சொன்னேன், பிள்ளைக்குப் பழசு மறக்கிறது என்று. அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "நாளைக்கே கூட்டிட்டுப் போவோம்" என்றாள். போகலாம். ஆனால் டாக்டரிடம் என்னவென்று சொல்வது? மறந்துவிட்டாளா, அல்லது வாசித்ததைக் கேட்டு அப்படியே ஒப்பிக்கிறாளா? பள்ளிக்கூடத்திலிருந்து நாம் பிள்ளைகளைப் பழக்கியதும் அப்படித்தானே, புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி ஒப்பிக்க. என் பொய்யையும் அவள் தலையையும் ஒன்றோடொன்று போட்டு நானே குழப்பிவிட்டேன். அதைப் பிரிக்க ஒரு வழிதான் இருந்தது.

மறுநாள் மத்தியானம் கரண்ட் இல்லை. தறிகள் நின்றிருந்தன. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. கைடை எடுக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தேன். மனைவி கதவோரம் நின்றாள்.

"மக்கா, ஒண்ணு சொல்லணும். அந்த இருமல்காரப் பையன் இருக்காம்லா. அவனுக்கு உடம்பு தேறல. அங்கனயே இறந்துட்டான்."

இருபது வருஷத்துக்கு மேலாகச் சொல்லும் சொல் என் வாயில் அன்றுதான் கனத்தது.

அவள் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு ஆஸ்பத்திரியில் பார்த்த பார்வையாகத் தெரிந்தது. சார் என்று கூப்பிட்டுவிடுவாளோ என்று பயந்தேன்.

"நிசமாவா?"

"நிசம்."

"அப்போ எனக்குத் தெரிஞ்சதுதான் சரியா?"

எனக்கு விளங்கவில்லை. அவள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"படகு?"

"கவுந்துட்டு."

"அந்த விடுதிப் பிள்ளை?"

தலையை ஆட்டினேன்.

"உங்களுக்கு என்ன கோட்டியாப்பா பிடிச்சிருக்கு?" அவள் குரல் உடைந்தது. "நீங்க வாசிக்க வாசிக்க எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தப்பாப் போச்சு. செத்தவங்க எல்லாம் உயிரோட வாராங்க. புத்தகத்துல தப்பா இருக்காது. அப்பா மாத்தி வாசிக்கமாட்டாங்க. அப்போ என் தலைக்குள்ளதான எல்லாம் கலங்கிப்போச்சு? வெளிய சொன்னா திரும்ப அந்த ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ப் போட்ருவீங்கன்னு, நீங்க சொன்னத அப்படியே சொன்னேன்."

நான் அவளைச் சோதித்துக்கொண்டிருந்த அதே நாட்களில் அவளும் தன்னைச் சோதித்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒவ்வொரு மத்தியானமும் நான் போனபின் அந்த இருட்டில் கண்ணை மூடிப் படுத்து, தன் மூளையில் எது மிச்சமிருக்கிறது என்று தடவிப் பார்த்திருக்கிறாள். எதைத் தொட்டாலும் என் குரல் அது இல்லை என்று சொல்லியிருக்கிறது.

"கடைசியில சண்டைக்காரங்களக் கேட்டேன். அதுல ஒருத்தராவது போயிருக்கணும்ல? எல்லாரும் வந்துட்டாங்கன்னு சொல்லுதீங்க. பஸ் வச்சாப்பா கூட்டிட்டு வந்தீங்க?"

மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். மகளுக்கும் சிரிப்பு வந்தது. தலையைப் பிடித்துக்கொண்டு, வலிக்குது வலிக்குது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். நானும் சிரித்தேன். எல்லாம் முடிந்துவிட்டது, பிள்ளை தப்பித்தாள் என்று நினைத்தேன்.

சிரிப்பு அடங்கியதும் அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"அப்போ மாமா?"

மாமா என்பது என் மனைவியின் தம்பி. கடையநல்லூரில் செல்போன் கடை வைத்திருந்தான். மகளுக்குச் சின்ன வயதிலிருந்து அவன்தான் விளையாட்டுத் துணை. அந்தச் சித்திரையில் நெஞ்சுவலி வந்து, கடையில் உட்கார்ந்தபடியே போய்விட்டான். வீட்டு முன்கூடத்தில், பட்டாலைச் சுவரில், அவன் படத்தை மாலை போட்டு மாட்டியிருந்தோம். மகளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வருவதற்கு முன், உடம்பு சரியில்லாத பிள்ளை கண்ணில் பட வேண்டாம் என்று நான்தான் அதைக் கழற்றி, துணி சுற்றிப் பீரோவுக்குள் வைத்தேன். அதன்பின் வீட்டில் அவன் பேச்சை எடுக்கவில்லை. அவள் கேட்கவும் இல்லை. கேட்காதது நல்லது என்று இருந்துவிட்டோம்.

"மாமா செத்துப்போன மாதிரி எனக்கு ஞாபகம் இருந்துச்சு" என்றாள் மகள். "வந்து பாத்தா படம் இல்ல. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்லல. சரி, மயக்கத்துல கண்ட கனவுன்னு நினைச்சுக்கிட்டேன். மாமா இருக்காங்கன்னு நினைச்சுட்டேம்மா. இவ்வளவு நாள் என்னை வந்து பாக்கலையேன்னு அவங்க மேல கோவமா இருந்தேன்."

மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஏட்டி" என்றாள்.

நான் சொன்னேன். "மாமா சித்திரையில இறந்துட்டாங்க. கடையிலதான். நீ திருநெல்வேலியிலருந்து வந்திருந்த. நாலு நாள் இருந்த."

"கோடை மழை பெஞ்சுதா?"

"பெஞ்சுது. எடுத்துட்டுப் போகும்போது பெஞ்சுது."

"பந்தல் ஒரு பக்கம் சாஞ்சுது."

"ஆமா."

"நான் நீலச் சுடிதார் போட்டிருந்தேன்."

எனக்குத் தெரியவில்லை. மனைவி தரையைப் பார்த்தபடி, "பச்சை" என்றாள். "மாமா எடுத்துக் குடுத்த பச்சை."

"பச்சையா" என்று மகள் திருப்பிச் சொன்னாள். அதை எங்கேயோ உள்ளே சரியான இடத்தில் வைப்பதுபோல் கொஞ்ச நேரம் இருந்தாள். அப்புறம்தான் அழுதாள். சித்திரையில் அழுததைவிட அதிகமாக அழுதாள். இந்த முறை அவன் இரண்டு தடவை போயிருந்தான்.

அன்று சாயங்காலம் மனைவியே படத்தை எடுத்து, தூசி துடைத்து மாட்டினாள். நான் முதல் யூனிட்டை முதலிலிருந்து வாசித்தேன், இந்த முறை உள்ளபடி. அலுவலகக் குரலில் வாசிக்க முயன்றேன், முடியவில்லை. அடுத்தடுத்த நாட்களில், நான் உட்காரவைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். இருமல்காரர் போனார். படகுக்காரர் போனார். போர் வந்ததும் வரிசையாகப் போனார்கள். அறை காலியாகிக்கொண்டே வந்தது. அடுப்படியிலிருந்து மனைவி, "அந்தப் பையனுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. கடைசி யூனிட்டில்தான் கொஞ்சம் மூச்சுவிட்டேன். இன்று எழுதிக்கொண்டிருப்பவர்கள். பெயர், பக்கத்தில் பிறந்த வருஷம், ஒரு சின்னக் கோடு, அதற்கப்புறம் வெற்றிடம். அந்தப் பக்கத்தை மட்டும் மகள் கேட்காமலே இரண்டாவது முறையும் வாசித்தேன்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மகளிடம் பத்து நிமிஷம் தனியாகப் பேசிவிட்டு, இவளுக்கு ஒன்றும் குறைவில்லை, நடுநடுவே கண்ணை மூடி ஓய்வெடுத்துப் பரீட்சை எழுதட்டும் என்றார். என்னைப் பார்த்து, "வீட்டுல நிம்மதியா இருங்க சார்" என்றார். எழுதினாள். தேறினாள். இப்போது மதுரையில் அதே இலக்கியத்தை எம்.ஏ. படிக்கிறாள்.

ஆனால் ஒன்று மிஞ்சிவிட்டது. இன்றும் அவளுக்குத் தன் ஞாபகத்தின் மேல் முழு நம்பிக்கை இல்லை. விடுதியிலிருந்து போன் பண்ணுவாள். சாப்பாடு, படிப்பு எல்லாம் பேசிவிட்டு, கடைசியில் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்பாள். "அப்பா, நான் ஆறாப்பு படிக்கும்போது திருவேங்கடத்துல ஒரு கல்யாணத்துல தொலைஞ்சு போனேனே, அது நடந்ததுதான?" நடந்ததுதான் என்பேன். "நம்ம மாடித் தொட்டிக்குள்ள அணில் விழுந்துச்சே?" விழுந்தது என்பேன். எனக்குத் தெரியாததை அவள் அம்மாவிடம் கேட்டுச் சொல்வேன். எங்கள் இருவருக்கும் தெரியாவிட்டால், தெரியவில்லை என்று சொல்வேன். ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் அவள் அந்த இருட்டில் தடவிக்கொண்டு நிற்பது எனக்குத் தெரியும். அந்த இருட்டைக் கட்டித் தொங்கவிட்டவன் நான்.

போன ஞாயிற்றுக்கிழமை கேட்டாள்.

"அப்பா, நான் சின்னப்பிள்ளையா இருக்கும்போது ஒரு மலை மேல வீடு. மாடியில ஜன்னல் பக்கம் உக்காந்திருக்கேன். வெளிய சரிவு பூரா ஈரப்புல்லு, வெள்ளை வெள்ளையா ஆடு மேயுது. சாரல் அடிக்கு. நீங்க கீழருந்து குடை பிடிச்சிட்டு, மெதுவா ஏறி வாரீங்க. அம்மாவும் கூட இருக்கா. ரொம்ப நேரம் ஏறி வந்துக்கிட்டே இருக்கீங்க. அது எந்த ஊருப்பா? நாம எப்ப போனோம்?"

நாங்கள் அப்படி ஓர் ஊருக்குப் போனதே இல்லை; அந்த மலையில் நாங்கள் நடந்தது கைடில்தான். சின்ன வயதில் அவளை எந்த மலைக்கும் நான் கூட்டிப் போகவில்லை. போனோம் என்று சொல்லிவிடலாம். சொல்ல எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. மூன்று பேரும் அந்தச் சாரலில் ஒரு தடவை இருந்துவிட்டு வந்ததாக, அவளுக்காக இல்லாவிட்டாலும் எனக்காகவே சொல்லிக்கொள்ளலாம் போலிருந்தது.

"இல்ல மக்கா" என்றேன். "அது நடக்கல."

விடுதியில் யாரோ பாத்திரம் கழுவும் ஒலி கேட்டது.

"சரிப்பா" என்றாள். பிறகு, "ஆனா குடை நம்ம வீட்டுக் குடைதான்" என்றாள்.